ஒரு பகல், ஓர் இரவு, இரண்டு பேர்: மலையகத்தில் எந்தப் பாதை?

கல்யாணமாகி நாலு மாதமான என் சித்தி மகள் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அபர்டீன், லக்சபான, டெவோன், சென் கிளயர், இறம்பொடை, பம்பரகந்த, தியலும, இராவணா எல்ல, துன்ஹிந்த. மொத்தம் ஒன்பது நீர்வீழ்ச்சிகள். கீழே ஒரு வரி: "அக்கா, சனிக்கிழமை விடிய கொழும்புலருந்து கெளம்பி, மேல ஒரு நல்ல எடத்துல தங்கி, ஞாயிறு பொழுது சாய வீட்டுக்கு வந்துறணும். இதுல எத்தன பாக்கலாம்?"

"ரெண்டு" என்று பதில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. அரை மணித்தியாலம் பேசியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வத்தளையில் இருக்கிறேன். கணவருக்கு மட்டக்களப்பு. கல்யாணத்துக்குப் பிறகு இந்த மூன்று பக்கத்துப் பாதைகளிலும் நாங்கள் இரண்டு பேருமாகக் காரில் போய்ப் பார்த்திருக்கிறோம். அவளுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவளைப் போல ஒரே ஒரு சனி, ஞாயிறை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில், ஏன் இரண்டு? மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும். கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போக 170 கிலோமீட்டருக்கு உள்ளேதான். ஆனால் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைந்து நாங்கள் ஒரு நாளும் போனதில்லை. முன்னால் ஒரு லொறி கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டு ஏறினால், அதன் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். அப்புறம் பனிமூட்டம். காலை எட்டு மணிக்குக் கண்ணாடி போலத் தெரியும் மலை, பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு இல்லாமலே போய்விடும். ஆக, நீர்வீழ்ச்சியைக் கண்ணாரப் பார்க்கக் கிடைப்பது அந்த ஐந்தாறு மணித்தியாலந்தான். அதற்குள் ஒன்பது இடத்தில் காரை நிறுத்தினால் ஒன்பது முறை கதவைத் திறந்து மூடினதுதான் மிச்சம்.

மூன்று பாதைகள் என்று சொன்னேன். ஒன்று, அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறி, தலவாக்கலையைத் தாண்டி நுவரெலியா போவது. இரண்டாவது, கண்டிப் பக்கம் போய்க் கம்பளை, புஸ்ஸல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக அதே நுவரெலியாவுக்கு ஏறுவது. மூன்றாவது ஊவாப் பக்கம். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் போய் ஹப்புத்தளை, கொஸ்லந்தை, எல்ல என்று சுற்றுவது.

மழை எந்தப் பக்கம் பெய்கிறது?

எது உயரம், எது அகலம், எதற்கு அதிகப் படம் வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எல்லாரும் பாதையைத் தெரிவு செய்கிறார்கள். நான் முதலில் கேட்பது, எந்த மாதம் போகிறீர்கள் என்பதைத்தான்.

எங்கள் மலைக்கு இரண்டு முகம். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது மேற்குச் சரிவில் கொட்டும். கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் நனைந்து ஊறிக் கிடக்கும். அதே காற்று மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது ஈரத்தையெல்லாம் இங்கே உதறிவிட்டு, வெறும் சூடாகப் போகும். எங்கள் வீட்டுக்காரர் ஊரில் அதற்குக் கச்சான் என்று பெயர். ஆடி மாதத்தில் மட்டக்களப்பில் உடம்பைக் காய வைக்கும் அந்தக் கச்சான், எங்கள் ஊரில் கம்பளிக்குள் சுருண்டு படுக்க வைத்த மழைக்காற்றுத்தான் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கே விளங்கியது. அந்த மாதங்களில் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். தியலும பாறையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். ஆசையோடு போனவர்கள் "இதுதானா?" என்று கேட்பார்கள்.

ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழை. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை வந்ததும் முறை மாறும். பதுளை, பண்டாரவளை, கொஸ்லந்தைப் பக்கம் நீர்வீழ்ச்சிகள் நிறைந்து விழும். மேற்குச் சரிவு மெல்ல மெல்ல வெளுக்கத் தொடங்கும். பெப்ரவரி, மார்ச்சில் எந்தப் பக்கமும் மெலிவுதான். ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன். அந்த மாதம் இரண்டு பேர் நிம்மதியாக இருக்கவென்று அங்கே போக வேண்டாம். ஊரே வாகன வரிசையாக நிற்கும்.

ஆகவே என் கணக்கு இது. ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் என்றால் ஹட்டன் பாதை. தண்ணீர் நிறைய இருக்கும், மழையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை என்றால் ஊவா. இரண்டுக்கும் நடுவே, வேறு மாதத்தில்தான் லீவு கிடைக்கும் என்றால் இறம்பொடை. அது எந்த மாதம் போனாலும் எங்களை முழுதாக ஏமாற்றியதில்லை.

யூன், யூலையில் ஹட்டன் பக்கம் தண்ணீர் உச்சத்தில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு யூலையில் டெவோனுக்கு எதிரே முக்கால் மணித்தியாலம் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். இரைச்சல் மட்டும் கேட்டது. வெள்ளைப் புகைக்குள் மலையும் இல்லை, நீர்வீழ்ச்சியும் இல்லை.

ஹட்டன் பாதை

இது என் பாதை. ஆகவே பக்கச்சார்பு இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடிய நாலரைக்குக் கொழும்பில் கிளம்பினால், கித்துல்கலையில் களனி கங்கைக் கரையில் காலைச் சாப்பாடு. அங்கேயிருந்துதான் உண்மையான ஏற்றம் தொடங்கும். கினிகத்தேனை வரும்போது காது அடைக்கும், கண்ணாடியைத் திறந்தால் குளிர் முகத்தில் அடிக்கும். கினிகத்தேனையிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் திரும்பினால் அபர்டீன், 98 மீட்டர். இன்னும் உள்ளே போனால் லக்சபான, 126 மீட்டர். இரண்டுமே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியவை. இறங்கின படியெல்லாம் திரும்ப ஏற வேண்டும். முழங்கால் நன்றாக இருந்து, அட்டைக்குப் பயப்படாதவர்கள் இரண்டில் ஒன்றுக்குப் போகலாம். ஒரு கட்டிச் சவர்க்காரம் கையில் இருக்கட்டும், அட்டை ஏறினால் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்தால் விட்டுவிடும். ஆனால் அதற்குள் நுழைந்தால் அரை நாள் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஹட்டன், கொட்டகலை தாண்டிப் பத்தனைப் பக்கம் வந்ததும் டெவோன். 97 மீட்டர். கோப்பித் தோட்டக் காலத்து ஆங்கிலேயர் ஒருவரின் பெயர் அது. பாதையோரத்திலிருந்தே பள்ளத்தாக்குக்கு அப்பால் முழுதாகத் தெரியும். மேலே ஒரே தாரையாக இறங்கி, கீழே படி படியாக விரியும். இதைக் கிட்டப் போய்ப் பார்க்கவே வேண்டாம். தூரத்திலிருந்து, தேயிலைப் பச்சைக்கு நடுவே பார்ப்பதுதான் அதன் அழகு. கையில் ஒரு பிளேன்டீயும் வடையும் இருந்தால் போதும்.

அதற்கடுத்துச் சென் கிளயர். 80 மீட்டர் உயரம் பெரிது இல்லை, ஆனால் இலங்கையிலேயே அகலமான நீர்வீழ்ச்சி என்று பெயர் வாங்கியது. இதைப் பற்றி மட்டும் என்னால் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அம்மா, பெரியம்மா, சித்தி மூவரும் பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கிறது. சின்ன வயதில் பெரியம்மா வீட்டில் படுத்தால், இரவெல்லாம் அந்த இரைச்சல் தலையணைக்கு அடியில் ஓடுவது போல இருக்கும். மழைக் காலத்தில் சத்தம் தடிக்கும். அதைக் கேட்டே பெரியம்மா, "நாளைக்கு மலையில வழுக்கும், சாக்க எடுத்து வையி" என்பார்.

2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவாட். தலவாக்கலையில் அணை கட்டி, ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டார்கள். அதைச் சுற்றி நிறைய எதிர்ப்பும் வாக்குவாதமும் நடந்தது. கடைசியில், பார்வைக்கென்று பகல் நேரத்தில் மட்டும் ஓர் அளவு தண்ணீர் விடுவதாக ஏற்பாடு. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அங்கே போகிறவர்கள் பகலில் போக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு போனால் பாறையைத்தான் பார்ப்பீர்கள். கடைசி முறை பெரியம்மா வீட்டில் தங்கியபோது, இரவில் நான் விழித்துக் கிடந்தேன். நாய் குரைத்தது, யாரோ இருமினார்கள், கடைசி ரயில் போனது. அருவி மட்டும் இல்லை.

ஆனாலும் நல்ல மழைக்குப் பிறகு, அணை நிறைந்து வழியும் நாட்களில் அது பழையபடி எழும்பும். செப்டெம்பரில் ஒரு நாள் அப்படிக் கிடைத்தது. பாறையின் முழு அகலத்துக்கும் வெள்ளைத் துணி விரித்தது போல. இவர் இறங்கி நின்று பார்த்துவிட்டு, "இனி ஒண்டும் பார்க்க வேணாம், இங்கயே இருப்பம்" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் எங்கேயும் போகவில்லை.

இறம்பொடைப் பாதை

கண்டியிலிருந்து வருகிறவர்களுக்கும், யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் இதுதான் சுலபம். புஸ்ஸல்லாவையைத் தாண்டினால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் வளைந்து கிடக்கும். தண்ணீர் வற்றிய காலத்தில் நீருக்குள் போன கடதொர விகாரையின் மிச்சம் வெளியே தெரியும். இறம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீட்டர். பாதையே அதற்குக் குறுக்காகப் போகிறது, பாலத்தில் நின்று நிமிர்ந்தால் மேலடுக்கு, குனிந்தால் தண்ணீர் கீழே இறங்கி ஓடுகிறது. வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போனாலும், கைக்குழந்தையோடு போனாலும் கிட்ட நின்று பார்க்கக்கூடிய ஒரே பெரிய நீர்வீழ்ச்சி இது என்றே சொல்வேன். பக்கத்தில் சின்மயா மிஷன் கட்டிய அனுமான் கோவில் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில். கும்பிடுகிறவர்கள் அரை மணித்தியாலம் ஒதுக்கலாம்.

அப்புறம் லபுக்கலை. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து, ஒரு கோப்பை குடித்துவிட்டு ஏறினால் நுவரெலியா. வழியெல்லாம் கரட், லீக்ஸ், பீட்றூட் கடைகள். மலைக்காரியான எனக்கு அதில் புதுமை இல்லை. இவர் ஒவ்வொரு முறையும் காரின் பின்பக்கத்தை நிரப்புவார்.

இந்தப் பாதையின் குறை, அதன் சௌகரியந்தான். எல்லாருக்கும் சுலபம் என்பதால் எல்லாரும் அங்கே. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பாலத்தில் நின்று இரண்டு வார்த்தை பேச முடியாது, ஒரு பக்கம் பஸ் ஹோர்ன், மறுபக்கம் யாராவது படம் எடுத்துத் தரச் சொல்லிப் போனை நீட்டுவார்கள். இதையே தெரிவு செய்தால் வெள்ளி இரவே கண்டிக்கோ கம்பளைக்கோ வந்துவிட்டு, ஏழரைக்கு இறம்பொடையில் நில்லுங்கள். அந்த நேரத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், கூட்டம் வந்திருக்காது.

ஊவாப் பக்கம்

உயரத்துக்கு மட்டும் பரிசு என்றால் போட்டியே இல்லை. பம்பரகந்த 263 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. தியலும 220 மீட்டர், இரண்டாவது. இரண்டும் ஒரே பெரிய வீதியை அண்டியவை.

பம்பரகந்தவுக்குக் களுபஹன சந்தியில் திரும்பி ஐந்து கிலோமீட்டர் அளவில் ஏற வேண்டும். ஒரு கார் போனால் எதிரே இன்னொன்று வர முடியாத ஒடுங்கிய பாதை. கடைசியில் பைன் மரங்களுக்குள் நடை. நீர் மெல்லியதாக, நீளமாக, காற்றுக்கு அசைந்தபடி இறங்கும். அடியில் நின்றால் தலை கிறுகிறுக்கும். தியலும அப்படியில்லை. வீதியிலிருந்தே தெரியும். அதன் மேல்தட்டுக் குளங்களுக்குத்தான் இப்போது எல்லாரும் ஏறுகிறார்கள். அது தனியாக அரை நாள் வேலை. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். அந்தக் குளங்களில் இறங்க நினைக்கிறவர்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

தியலுமவுக்குப் போகும் வழியில் கொஸ்லந்தை. அந்தப் பெயரைக் கேட்டால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நீர்வீழ்ச்சி இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம். சில பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. நாங்கள் அந்தப் பக்கம் போனபோது இவர் காரை ஓரமாக நிறுத்தினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அழகு பார்க்கப் போகிற பாதையில் இதை ஏன் சொல்கிறாய் என்று தங்கச்சி கேட்டாள். அந்த மலையின் அழகும் அந்த மலைச்சரிவும் ஒரே மழையில் வருகிறவை. போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இராவணா எல்ல பெரிய வீதியின் ஓரத்திலேயே விழுகிறது. உயரம் 25 மீட்டர் அளவுதான். கூட்டமும் குரங்கும் அதிகம். வழியில் இருந்தால் பாருங்கள், அதற்கென்று போக வேண்டாம். துன்ஹிந்த 64 மீட்டர், புகை போல நீர் சிதறும், உண்மையிலேயே அழகு. ஆனால் பதுளை வரை போய், அங்கிருந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். ஒரு நாள் பயணத்தில் அடங்காது.

கொழும்பிலிருந்து ஊவா போவதற்கே ஆறு மணித்தியாலம் என்று வையுங்கள். ஆகவே இது உண்மையில் இரண்டு இரவுக்கான பாதை. ஒரே இரவுதான் என்றால் பம்பரகந்த ஒன்றைப் பார்த்துவிட்டு ஹப்புத்தளையில் ஏறி உட்கார்ந்துவிடுவது நல்லது. முகட்டின் மேல் இருக்கிற ஊர் அது. வீதியின் ஒரு பக்கம் பண்டாரவளை மலைகள், மறுபக்கம் நிலம் அப்படியே சரிந்து தெற்குச் சமவெளிக்கு இறங்கிவிடும். மறுநாள் விடிய தம்பத்தன்னைக்குப் போய், 1890இல் லிப்டன் கட்டிய தொழிற்சாலையைத் தாண்டி மேலே ஏறினால் லிப்டன் சீட் என்கிற மலைமுகட்டுக் காட்சியிடம். ஏழு மணிக்கு முன்னால் போனவர்களுக்குத்தான் அந்தக் காட்சி.

எங்கே தலை சாய்ப்பது?

நீர்வீழ்ச்சியை விட இதைத்தான் கவனமாகத் தெரிவு செய்யச் சொல்வேன். இரண்டு நீர்வீழ்ச்சி பார்க்க இரண்டு மணித்தியாலம் போதும். மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டால், மிச்சப் பொழுது முழுவதும் அந்தத் தங்குமிடத்தில்தான்.

நுவரெலியா நகரத்துக்குள் தங்குவதில் லாபம் கடைத்தெருவும் கிரகரி வாவியும். சத்தம் இல்லாத இரவு வேண்டுமானால் அங்கே கிடைக்காது. ஒரு முறை படத்தைப் பார்த்து நம்பி நகரத்தில் ஓர் இடத்தில் அறை எடுத்தோம். சுவரெல்லாம் ஈரம், போர்வையில் பூஞ்சண வாடை, சுடுதண்ணீர் காலை ஆறரைக்குத்தான் வரும் என்றார்கள். குளிருக்குச் சுவெட்டரோடு படுத்து விடியக் காத்திருந்தோம். அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்விகள் மூன்று. சுடுதண்ணீர் இரவிலும் உண்டா? எத்தனை போர்வை? இராச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா? மலையில் ஏழு மணிக்குப் பிறகு சாப்பாடு தேடிக் காரை எடுப்பது வேண்டாத வேலை.

கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையையே ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது அறைகள். கட்டடம் பார்க்கவே போகலாம், ஆனால் கைச்செலவு தாராளமாக வேண்டும். ஹப்புத்தளையில் அடிஷாம். 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல்வீடு, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சில அறைகளில் தங்கலாம், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இரவு அமைதி அங்கே உண்மையான அமைதி. மூன்று பாதையிலும் இரண்டு பேருக்கு மிகப் பொருத்தமான தங்குமிடம் எது என்று கேட்டால், செலவையும் சேர்த்துப் பார்த்து, அதைத்தான் சொல்வேன்.

ஆனால் என் மனம் நின்றது வேறொரு இடத்தில். ஹட்டன் பக்கத்திலும் தலவாக்கலைப் பக்கத்திலும் தோட்டத்துரைமார், அதாவது தோட்ட நிர்வாகிகள், இருந்த பழைய பங்களாக்கள் பல இப்போது தங்குமிடங்களாகிவிட்டன. கல்யாண நாளுக்கு இவர் எனக்குச் சொல்லாமல் அப்படி ஒன்றைப் பதிவு செய்திருந்தார். கேட் திறந்து கார் உள்ளே போனபோது எனக்குக் கை நடுங்கியது. அம்மாயி நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். பங்களாப் படியில் அவர் கால் பட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பின்பக்கத்துக் குசினி வாசலில் நின்று, தலைத்துணியை அவிழ்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பார்.

பங்களாவில் இருந்த வயதான சமையற்காரர் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். என் பேச்சைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

"எந்தத் தோட்டம்மா நீங்க?"

சொன்னேன். எதிர்மலையைக் காட்டினேன்.

"அங்கயா? எங்க மாமனாரு அந்தத் தோட்டத்துலதான் கங்காணியா இருந்தாரு" என்றவர், அதற்குப் பிறகு மெனுவை மூடிவிட்டார். இரவுக்கு ரொட்டி, கட்டச்சம்பல், பருப்பு, கருவாட்டுக் குழம்பு. பக்கத்து மேசையில் வெளிநாட்டுக்காரர்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கையால் சாப்பிட்டோம்.

விடிய ஆறு மணிக்கு முன் நான் விராந்தைக்கு வந்து நின்றேன். கீழே பனி நகர்ந்து நகர்ந்து, லயத்துக் கூரைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் லயத்தை நான் மேலேயிருந்து பார்க்கிறேன். எவ்வளவு சின்னது. எத்தனை வீடு, எத்தனை அடுப்பு, ஒரே ஒரு நீட்டுக் கூரைக்குக் கீழே. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். 2024இல்தான் அவர்களுடைய நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. நாங்கள் அந்த ஓர் இரவுக்குக் கொடுத்தது அவர்கள் பல நாள் மலையேறிச் சம்பாதிக்கிற காசு. இவர் பக்கத்தில் வந்து நின்று என் தோளில் சால்வையைப் போட்டார்.

இதனால் பங்களாவில் தங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தங்குங்கள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை செய்கிற இடமாகப் பார்த்துத் தங்குங்கள். விருந்தாளியாகப் போய் நம் மொழியில் பேசுங்கள், பெயர் கேளுங்கள், காலையில் ஒரு நடை கீழே இறங்கிப் போய் லயத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடியுங்கள். 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு முதல் ஆட்கள் வந்து 200 வருடம் ஆகிவிட்டது. அந்த முன்வாசல் வழியாக நாமும் உள்ளே போகலாம்.

காரை எடுக்குமுன்

ஏறுவது சுலபம், இறங்குவதுதான் ஆபத்து. 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், 15 பேர். ஒன்று இறம்பொடைப் பாதை, ஒன்று ஊவாப் பாதை. இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். இறம்பொடை இறக்கத்தில் ஒரு முறை எங்கள் காரிலேயே ரப்பர் கருகிய வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி ஒரு மணித்தியாலம் ஆற வைத்துத்தான் கிளம்பினோம். மலைப்பாதை ஓட்டிப் பழகாதவர் என்றால் ஹட்டன் பாதையால் ஏறி அதே பாதையால் இறங்குங்கள். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் எத்தனை இடத்தில் மண்ணைச் சரித்தது என்பதை எல்லாரும் பார்த்தோம். ஆகவே கிளம்பும் நாளுக்கு முதல் நாள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நீங்கள் போகிற பிரதேசத்துக்குச் சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. தங்கப்போகும் இடத்துக்குப் போன் எடுத்து, "பாதை எப்படி?" என்று கேட்டால் அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.

தங்கச்சிக்குச் செப்டெம்பரில்தான் லீவு. ஆகவே ஹட்டன் பாதை. டெவோன், சென் கிளயர், அப்புறம் மூன்று மணிக்குள் தங்குமிடம். பட்டியலில் மற்ற ஏழையும் வெட்டிவிட்டாள். நேற்று இரவு மறுபடியும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்க தங்குன அந்தப் பங்களாவயே சொல்லுங்க. அங்கருந்து பாத்தா நம்ம லயம் நல்லாத் தெரியுமா?"

தெரியும். ஆறு மணிக்கு முன்னால் விராந்தையில் வலது பக்க மூலைக்குப் போய் நின்றால், பனிக்கு மேலே முதலில் எழும்புவது பெரியம்மா வீட்டு அடுப்புப் புகைதான்.